கூடைக்கு இரண்டு கிலோ

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஊர்காவற்றுறை இறங்குதுறையில் அனலைதீவுப் படகுக்காகக் காத்திருந்தபோது, மீன் நிறுக்கும் தராசின்மேல் ஒரு பெண் ஏறி நிற்பதைக் கண்டேன். எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். மிச்சமெல்லாம் சொந்தச் சரக்கு.

முதல் தொடக்கம்: "கடல் அன்று அமைதியாக"

வேண்டாம். கடல் எப்படி இருந்தால் அவளுக்கென்ன.

இரண்டாவது தொடக்கம்: "எமிலி பளு தூக்கத் தொடங்கியதும் அவளுக்குப் பசிக்கத் தொடங்கியது." இது பரவாயில்லை, இருக்கட்டும்.

2

எமிலி மீன் வாடியில், கரையில் மீனை நிறுத்து வாங்கி விற்கும் கொட்டிலில், ஐஸ் பெட்டி தூக்குகிறவள். வருடக்கணக்காகத் தூக்கினாள், ஒருவரும் கைதட்டவில்லை. யாழ்ப்பாணத்தில் பெண்களுக்குப் பளுதூக்கல் போட்டி என்று கேள்விப்பட்டதும் பெயர் கொடுத்துவிட்டாள். ஐம்பத்தைந்து கிலோப் பிரிவு. உடல் நிறை அதற்குமேல் போனால் மேடை கிடையாது.

பின்னேரங்களில் ஓர் இரும்புக் குழாயின் இரு முனையிலும் சீமெந்து நிரப்பிய பெயின்ற் வாளிகளை மாட்டித் தூக்கினாள். தோள் திரண்டது. பசியும் திரண்டது. (பசி திரளுமா? கிடக்கட்டும், எழுதுகிறவனுக்கும் பசிக்கிறது.)

நிறை பார்த்தது வாடித் தராசில்தான். முள்ளைப் பார்த்துச் சொல்பவர், அங்கே மீன் நிறுக்கும் சித்தப்பா சில்வெஸ்ரர்.

"எவ்வளவு சித்தப்பா?"

"ஐம்பத்தினாலரை. பயப்பிடாமல் சாப்பிடு பிள்ளை."

சாப்பிட்டாள். நானும் தாராளமாகப் பரிமாறினேன்: புட்டு, கணவாய்க் கறி, அதற்கு மேலே பனங்காய்ப் பணியாரம். சித்தப்பாவின் கணக்கு ஒரு கிழமையும் ஐம்பத்தைந்தைத் தாண்டவில்லை.

3

போட்டியன்று நிறை பார்த்த நடுவர், "ஐம்பத்தாறரை" என்றார்.

கூட வந்திருந்த சித்தப்பா நிதானமாகச் சொன்னார்: "கூடைக்கு ரெண்டு கிலோ நீங்கள் கழிக்கேல்லை."

"எந்தக் கூடை?"

வாடியில் யார் எதை ஏற்றினாலும் கூடைக்கும் ஈரத்துக்குமாக இரண்டு கிலோ கழித்துத்தான் சொல்வார்கள். சித்தப்பாவுக்கு அது கைப்பழக்கமில்லை, வாய்ப்பழக்கம். எமிலி கூடையில்லாமல் ஏறியது அவருக்கு இப்போதுதான் உறைத்தது. எனக்கும்தான்.

எமிலி அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு எழுதிக்கொண்டிருந்த என் பக்கம் திரும்பினாள்.

"எழுதினது நீங்கள்தானே. திரும்ப நிறுக்க இன்னும் ஒரு மணித்தியாலம் இருக்கு. குறையுங்கோ."

4

பணியாரத்தை வெட்டினேன். (இரண்டாம் பகுதியில் அது இன்னும் கிடந்தால் கண்ணை மூடிக்கொண்டு தாண்டுங்கள்.) முள் கொஞ்சம் இறங்கியது. புட்டும் கணவாய்க் கறியும் போயின. தோடு போட்டிருந்தாள் என்று எழுத மறந்திருந்தேன். எழுதி, அதையும் வெட்டினேன். "அவளுடைய நீண்ட, கரிய, அடர்ந்த" என்று தொடங்கும் நல்லதொரு வர்ணனை கைவசம் இருந்தது. மனம் கேட்கவில்லை, ஆனாலும் வெட்டினேன்.

சித்தப்பா குனிந்து பார்த்தார். "இன்னும் அரைக் கிலோ."

வெட்டுவதற்கு மிஞ்சியிருந்தது "தோள் திரண்டது" மட்டும். இரண்டே சொற்கள். பேனையைக் கொண்டுபோனேன்.

"அதிலை கை வைக்காதேங்கோ," என்றாள் எமிலி. "எத்தினை வருசமாய்ப் பெட்டி தூக்கினனான். ஒருத்தரும் பார்க்கேல்லை. இண்டைக்கு நான் தூக்கிறதை நாலு பேர் பார்க்க வேணும். தோளை வெட்டிப்போட்டு ஆரை மேடையிலை ஏத்தப்போறியள்?"

பேனையைப் பின்னுக்கு இழுத்தேன். அதைவிடப் பாரமாய் நான் ஒன்றையும் தூக்கினதில்லை.

5

முடிவு ஒன்று: அரைக் கிலோ வியர்வையாய்ப் போய்விடுகிறது. (கூடைக் கணக்கு.)

முடிவு இரண்டு: பஸ்ஸில் அழுதுகொண்டு ஊர் திரும்புகிறாள். (எழுத விடமாட்டாள்.)

முடிவு மூன்று: நடுவர் இரக்கப்பட்டு

வேண்டாம். எப்படி முடித்தாலும் அவளில் எதையோ கழித்துவிடுகிறேன். எனக்கும் சில்வெஸ்ரருக்கும் என்ன வித்தியாசம்?

எமிலி மறுபடியும் தராசில் ஏறுகிறாள். சித்தப்பா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறார். நடுவரையும் வெட்டிவிட்டு நான் மற்றப் பக்கம் திரும்பிவிட்டேன். முள் ஆடுகிறது. அது நிற்கும்போது இலக்கத்தை வாசிக்க இங்கே உங்களைத் தவிர ஒருவரும் இல்லை.

அவள் உங்களிடம்தான் சொல்கிறாள்.

"உள்ளதைச் சொல்லுங்கோ. கூடை இல்லை. முழுக்க நான்தான்."