அண்ணிக்கு வாங்கிய முட்டை

அண்ணிக்கு வாங்கிய முட்டையைத் தின்றவள் நான்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அண்ணி வேம்புக்குக் கல்யாணமாகி ஐந்து வருடம், குழந்தை இல்லை. "இந்த வருசமும் ஒண்ணும் இல்லன்னா அவ ஆத்தா வூட்டுக்கே போவட்டும்" என்று அம்மா கெடு வைத்திருந்தாள். அரியலூர் லேடி டாக்டர், அண்ணிக்கு ரத்தம் ரொம்பக் குறைவு என்று மாத்திரை கொடுத்து, தினம் முட்டை, முருங்கைக்கீரை, பேரீச்சை, பால் என்று சீட்டில் எழுதினார். அண்ணன் தங்கசாமி எல்லாவற்றையும் வாங்கிப் போட்டான்.

அந்த நேரம் பார்த்துத்தான் நான் தலைப்பிரசவத்துக்குக் குன்னத்திலிருக்கும் அம்மா வீட்டுக்கு வந்தேன். "புள்ளத்தாச்சி மொதல்ல சாப்பிடட்டும். அவ வவுத்துல என்ன இருக்கு?" என்று அம்மா முட்டையை என் தட்டில் வைத்தாள். பிள்ளை பிறந்த பிறகு, பால் கொடுக்கிறவள் என்று வைத்தாள். அண்ணிக்குச் செவ்வாய், வெள்ளி, சஷ்டி என்று பிள்ளை வரம் கேட்டு விரதம். வெறும் வயிற்றோடு வெங்காயக் காட்டுக்குக் களை வெட்டப் போவாள். எனக்குத் தெரியாதா? தெரிந்தேதான் தின்றேன்.

எப்படியோ அண்ணிக்கு நாள் தள்ளிப்போனது. விரதத்தின் பலன் என்று அம்மா விரதத்தை இன்னும் கூட்டினாள். மூன்றாம் மாதம் காட்டிலேயே கலைந்துவிட்டது.

என் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நானும் அம்மா, அண்ணியோடு டாக்டரிடம் போனேன்.

"எழுதிக் குடுத்ததெல்லாம் சாப்பிட்டியாம்மா?"

"எல்லாம் குடுத்தோங்க" என்று அம்மா முந்திக்கொண்டாள்.

அண்ணி என்னைப் பார்த்தாள். நான் குனிந்து பிள்ளையின் வாயைத் துடைத்தேன்.

"சாப்பிட்டேங்க" என்றாள்.

"அப்படியும் ரத்தம் ஏறலையே. ஒடம்புல வேற ஏதாச்சும் கோளாறான்னு பாக்கணும்."

அம்மாவுக்கு அது போதும். வீட்டுக்குள் நுழையும்போதே அண்ணனிடம், "டாக்டரே சொல்லிட்டாங்கடா, கோளாறு அவ ஒடம்புலதான்" என்றாள். அண்ணன் வாயே திறக்கவில்லை. நானும்தான்.

மறுநாள் காலை அண்ணி பையோடு பஸ்ஸுக்குக் கிளம்பினாள். என் பிள்ளையின் கன்னத்தைத் தொட்டு, "நல்லாச் சத போட்டிருக்கான் சித்ரா" என்றாள். அவள் பேச்சில் வஞ்சகமே இல்லை. எனக்குச் செத்துப்போகலாம் போலிருந்தது.

மத்தியானம் அம்மா என் தட்டில் இரண்டு முட்டை வைத்தாள். தின்றேன்.