கௌஸ் முகைதீன் கொட்டாத இலை

பஹ்ரைனின் குதைபியாவில் கௌஸ் முகைதீனின் டீக்கடையில் மூன்று வருடம் முன்பு ஊறப்போட்ட ஒரு பிடி ஊலாங் இலையில் இன்னும் சாயம் இறங்கிக்கொண்டிருக்கிறது. நேற்றோடு நாலாயிரத்து நூற்றுப் பதினோரு தண்ணீர் ஊற்றியாயிற்று.

பஹ்ரைன் வேலை முடிந்து கிளம்பிய தைவான் இன்ஜினியர் ஒருவர் கொடுத்துப்போன பொட்டலம் அது. மலைத் தேயிலை, பாதி புளிக்கவிட்டு, உருட்டி, கரிநெருப்பில் வறுத்தது, பால் ஊற்றிவிடாதீர்கள் என்று கும்பிடாத குறையாகச் சொல்லிவிட்டுப் போனார். மிளகு மாதிரி கறுத்துச் சுருண்டிருந்த இலை வெந்நீர் பட்டதும் வறுகடலை வாசமும் வெல்லம் தீய்ந்த வாசமுமாக மெல்ல விரிந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் காயல்பட்டினத்திலிருந்து மனைவி ஜுலைஹா பீவி போன் போட்டாள். இருபத்திரண்டு வருடமாகக் கேட்கிற கேள்விதான், எப்போது ஊரோடு வந்து சேருவீர்கள் என்று. "இந்த இலையக் கொட்டிட்டுக் கடையச் சாத்துறேன் புள்ள, அல்லா மேல ஆணை" என்று வாக்குக் கொடுத்துவிட்டார். ஒரே கொதியில் சத்துப்போகும் டீத்தூளோடு காலம் தள்ளிய மனிதருக்கு வேறென்ன தெரியும்? சாயம் இருக்கிற இலையைக் கொட்டுவது வீண்விரயம், மறுமையில் பதில் சொல்ல வேண்டும் என்பது அவர் தொழில் சட்டம்.

நாற்பதாவது தண்ணீரில் அவருக்கு வியர்த்தது. ஐந்நூறாவதில் ஊருக்குப் போட்டிருந்த டிக்கெட்டை ரத்து செய்தார். ஆயிரத்தைத் தாண்டியபோது கெட்டிலிலிருந்து மலைப்பனி இறங்கி, ஆகஸ்ட் மாதத்தில் அந்தத் தெரு மட்டும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டது. காலாவதித் தேதி கேட்க வந்த அதிகாரி நாலு கோப்பை குடித்துவிட்டு மாஃபி முஷ்கில், ஒரு பிரச்சினையும் இல்லை என்று சொல்லிப் போனார். ஊரில் ஜுலைஹா பீவி மட்டும் நம்பவில்லை. மனுஷன் இன்னொருத்தியை வைத்திருக்கிறார், அவளுக்கு இலை என்று பெயர் வைத்திருக்கிறார் என்று அழுதாள். அவருக்கும் அழுகை வந்தது, ஆனால் சாயம் குறையவில்லை.

போன மாதம் விசிட் விசாவில் அவளே வந்து இறங்கினாள். ஏர்போர்ட்டிலிருந்து நேராகக் கடைக்கு வந்து கெட்டிலைத் தூக்கிக்கொண்டு கழுவுதொட்டிப் பக்கம் போனாள். கௌஸ் முகைதீன் தடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், அவள் கையால் தீர்ந்தால் பாவம் தன்னைச் சேராது என்று உள்ளூர சந்தோஷப்பட்டார். கவிழ்க்கும் முன் அவள் ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். விழுங்கிய பிறகும் தொண்டையில் இனிப்பு நின்றது. கெட்டிலைத் திரும்ப அடுப்பில் வைத்தாள்.

"இதக் கொட்டலாமா மச்சான், பாவமில்லையா," என்றாள். "நீங்க தங்குற ரூம் எங்க இருக்கு?"

காயல்பட்டினத்து வீட்டை வாடகைக்கு விட்டாயிற்று.