மூன்று சுழி மன்னிப்பு

பிப்ரவரி ஏழாம் நாள், வெள்ளிக்கிழமை. எங்கள் பள்ளிவாசலின் வாயிற்கரும்பலகையில் 'பாவமண்ணிப்பு' என்று மூன்று சுழி 'ண' இட்டு எழுதப்பட்டது. அன்று ஜும்ஆத் தொழுகைக்கு வந்தோர் இருநூறு பேர் இருப்பர். அவர்களுள் ஒருவர்கூட அப்பிழையை எடுத்துச் சொல்லவில்லை. இதுவே என் முறையீடு.

முப்பத்து நான்கு ஆண்டுகள் இலக்கணம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். 'மன்னிப்பு' என்னும் சொல்லில் வருவது இரண்டு சுழி 'ன'. ஒரு சுழி கூடினால் உள்ளே மண் வந்து விழுந்துவிடும். கடைத்தெருவில் 'சூடாண பலகாரம்' என்று எழுதியிருந்தாலே அன்று எனக்குப் பசி எடுக்காது. படைத்தவனிடம் கேட்கும் சொல்லிலேயே இந்த அலட்சியம் என்றால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

எழுதியவர் எங்கள் தெருமுனைத் தையற்காரர். வெள்ளிதோறும் முதல் ஆளாக வந்து, ஈரத்துணியால் பலகையைத் துடைத்து, சுண்ணக்கட்டியால் ஒரு வரி எழுதுவார். அவரை எவரும் அப்பணிக்கு நியமிக்கவில்லை. அவர் பள்ளிக்கூட வாசலை மிதித்தவரும் அல்லர். சட்டைக்கு அளவுமாதிரி வெட்டப் பழைய செய்தித்தாள்களை வாங்குவாரே, அவற்றைப் பார்த்துப் பார்த்து நாற்பது வயதுக்குமேல் தாமாகவே எழுத்தறிந்துகொண்டவர். கழுத்து வளைவில் பாதிச் சொல் போயிருக்கும். கைக்குழியில் மீதிச் சொல் போயிருக்கும். எஞ்சியதைக் கொண்டு அவர் தமிழ் கற்றார். இருபது ஆண்டுகளாக என் சட்டைகளைத் தைப்பவர் என்பதால் இவையெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும்தான் மறுநாள் காலை நான் முடிதிருத்தகத்துக்குப் போனேன்.

நாற்காலியில் அமர்ந்து, கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டியாயிற்று. பின்னால் மூவர் காத்திருந்தனர். முடிதிருத்துநர் வழக்கம்போல் வாயைக் கிளறினார்.

"என்ன வாத்தியாரே, நேத்து பள்ளியில பயான் பேச்சு எப்படி?"

"பயான் இருக்கட்டும். பலகையைப் பாத்தீங்களா? நம்ம தையல்காரர் மன்னிப்பையே மண்ணுல போட்டுப் புதைச்சுட்டார். மூணு சுழி! சுழிக்கு ஒரு பிடி மண்ணு!"

நாங்கள் ஒருவரை அடக்கம் செய்யும்போது குழியில் மும்முறை மண்ணள்ளிப் போடுவோம். அதனால் நகைச்சுவை உடனே விளங்கிவிட்டது. முடிதிருத்துநர் சிரிப்பதற்காகவே கத்தியை என் கழுத்திலிருந்து எடுத்தார். காத்திருந்தவர்களில் ஒருவருக்குப் புரையேறியது. ஓய்வு பெற்றபின் என் பேச்சுக்கு அப்படியொரு சிரிப்பு எழுந்ததே இல்லை. வீடு திரும்பும்வரை நடையில் ஒரு துள்ளல் இருந்தது. பாவம் இனிக்கும் என்று பலமுறை கேட்டிருக்கிறேன். அது நாக்கின் நுனியில் இனிக்கும் என்பதை அன்றுதான் அறிந்தேன். அறிந்தும் அதைப் பாவம் என்று அழைக்கவில்லை. மொழிக்காவல் என்று அழைத்தேன்.

அடுத்த வெள்ளியன்று, தொழுகைக்குமுன் கைகால் கழுவி ஒழுச் செய்யும் குழாயடியில், எனக்கு இரண்டு ஆள் தள்ளி ஒரு குரல் கேட்டது.

"மண்ணிப்பு மாமா, கொஞ்சம் தள்ளி உக்காருங்க."

சுற்றிலும் அடக்கிய சிரிப்பு. தையற்காரர் தள்ளி உட்கார்ந்தார். முழங்கைவரை மூன்று முறை, அவசரமில்லாமல் கழுவினார். வாயிலில் கரும்பலகை துடைத்துக் கிடந்தது, ஓரெழுத்தும் இல்லை. எப்போதும் முதல் வரிசையில் நிற்பவர் அன்று கடைசி வரிசையில் நின்றார். சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்து நாங்கள் திரும்பிப் பார்க்குமுன் அவர் நின்ற இடம் காலியாகிவிட்டது.

அதற்கடுத்த வெள்ளியும் பலகை வெறுமையாகவே இருந்தது. எனக்கோ தொழுகையில் ரக்அத் கணக்குத் தப்பத் தொடங்கியது. மூன்றா நான்கா என்று நிலையிலேயே நின்று தடுமாறினேன். ஓதும் வசனத்தின் நடுவே அந்தக் குழாயடிச் சிரிப்பு கேட்டது. தைத்து முடித்திருந்த என் சட்டை அவர் கடையில் கிடந்தது. அதை வாங்கப் போகாமல் வேறு தெரு வழியாகச் சுற்றி நடந்தேன். சோறும் இறங்கவில்லை.

என் மனைவி தட்டைப் பார்த்தாள். "எப்படி இறங்கும்? அங்கேயே வயிறு நிறையத் தின்னுட்டுல்ல வந்தீங்க?"

"எங்கே?"

"முடிவெட்டற கடையில. தெருவே சொல்லிச் சிரிக்குதே."

புறம் பேசுவது இறந்த உடன்பிறந்தானின் இறைச்சியைத் தின்பதற்கு ஒப்பு என்று எங்கள் மார்க்கம் சொல்லும். தட்டைத் தள்ளி வைத்தேன். "உள்ளதைத்தானே சொன்னேன்? பொய்யா சொன்னேன்?"

"உள்ளதைச் சொன்னதாலதான் அது புறம். இல்லாததைச் சொல்லியிருந்தா அதுக்கு வேற பேரு, இதைவிடப் பெரிய பேரு. ஊருக்கெல்லாம் பாடம் நடத்தின உங்களுக்கு இதையும் நான்தான் சொல்லணுமா?"

"அல்லாஹ்கிட்ட கேட்டுட்டேன்."

"அவன்கிட்ட கேட்டது சரி. அடிபட்டது அந்த மனுஷன். அவர்கிட்ட யாரு கேப்பா, நானா?"

ஆகவே கடிதம் எழுத உட்கார்ந்தேன். நேரில் போய்ச் சொல்ல நாக்கு எழவில்லை. எழுதுகோல் என்றால் எனக்குத் துணிவு வரும். மூன்று வரைவுகள் எழுதினேன். மூன்றிலும் ஒற்றுப்பிழை கிடையாது. அவற்றை உரக்கப் படித்தேன். என் மனைவி உலர்ந்த துணிகளை மடித்துக்கொண்டே செவிகொடுத்தாள்.

"'அண்மையில் ஒரு தவறு நேர்ந்துவிட்டது.'"

"ம்."

"'என்னால் சில சொற்கள் பேசப்பட்டன. தங்கள் மனம் புண்பட்டிருக்குமாயின்...'"

"நிறுத்துங்க. அந்த முதல் வாக்கியத்துல எழுவாய் எது?"

"தவறு."

"அப்போ அந்தத் தவறு தானா நடந்துபோய் நாற்காலியில உக்காந்து முடி வெட்டிக்கிச்சா?"

நாற்பது ஆண்டுகள் என்னோடு வாழ்ந்தவளுக்கு இலக்கணம் இவ்வளவு தொற்றியிருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. 'நேர்ந்துவிட்டது', 'பேசப்பட்டன', 'புண்பட்டிருக்குமாயின்'. மூன்று வரைவிலும் 'நான்' என்ற எழுவாய் ஓரிடத்திலும் இல்லை. இடம் மூவகைப்படும்: தன்மை, முன்னிலை, படர்க்கை. புறம் என்பது படர்க்கையில் மட்டுமே செய்யக்கூடிய பாவம். ஆள் எதிரே வந்து முன்னிலை ஆகிவிட்டால் அது செத்துவிடும். அதற்கு மன்னிப்புக் கேட்கும் தவ்பாவோ தன்மை ஒருமையில் மட்டுமே செய்யக்கூடியது. இதை எந்த வகுப்பிலும் நான் நடத்தியதில்லை. கடிதங்களைக் கிழித்தேன்.

மாலை அஸர் தொழுகைக்குப் பின் தையற்காரர் கடைக்குப் போனேன். அளவுநாடா தோளில் தொங்க, தையல் இயந்திரத்தில் குனிந்திருந்தார். என்னைக் கண்டதும் சக்கரத்தை உள்ளங்கையால் நிறுத்தினார். நான் உட்காரவில்லை.

"நான் உங்களைப் பத்திப் புறம் பேசினேன். முடிவெட்டற கடையில வச்சு, நாலு பேர் சிரிக்கப் பேசினேன். அந்தப் பட்டப்பேர் என் வாயிலேருந்து வந்தது. நான் செஞ்சது பாவம். நீங்க மன்னிக்கணும்."

அவர் நூல் அறுந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும் வாத்தியாரே. அன்னிக்கு மத்தியானமே தெரியும். பேர் வச்சது கூடப் பெரிசில்லை. அன்னிக்கு எழுதும்போது மூணு சுழியா ரெண்டு சுழியான்னு எனக்கே சந்தேகம். கையைத் தூக்கிட்டுத் திரும்பிப் பாத்தேன். நீங்க பின்னாடியே நின்னீங்க. ஒண்ணும் சொல்லலை. வாத்தியாரே சும்மா நிக்கறாரே, அப்போ சரியாத்தான் இருக்கும்னு நம்பிப் போட்டேன்."

நான் நின்றேன். அதுதான் உண்மை. அவர் திரும்பியபோது மேலே சுழன்ற மின்விசிறியைப் பார்ப்பதுபோல் முகத்தைத் தூக்கிக்கொண்டேன். மறுநாள் சொல்வதற்கான வாக்கியம் அப்போதே உள்ளே உருவாகிக்கொண்டிருந்தது. இக்கதையின் முதற்பத்தியில் 'எழுதப்பட்டது' என்றும் 'ஒருவர்கூட எடுத்துச் சொல்லவில்லை' என்றும் எழுதியிருக்கிறேன். திருத்திப் படித்துக்கொள்க: நான் சொல்லவில்லை.

வெட்டுமேசையில் என் சட்டை மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதன்மேல் கத்தரியும், அளவுப் புத்தகமும். புத்தகம் என் அளவு எழுதிய பக்கத்தில் திறந்து கிடந்தது. 'வாத்தியார். இடது தோல் அரை விரல் இரக்கம். உள்ளே மடிப்புத் துனி.'

"இது என்ன?"

அவர் சற்றுக் கூச்சத்தோடு புத்தகத்தை மூடப் பார்த்தார். "ஒண்ணுமில்லை. உங்க இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும். உள்ளே ஒரு மடிப்பு வச்சுத் தச்சா வெளியே தெரியாது."

"எவ்வளவு நாளா?"

"முதல் சட்டையிலேருந்து."

"என்கிட்டகூடச் சொல்லலையே?"

"இந்தத் தெருவுல யாரு தோள்தான் நேரா இருக்கு? யாருக்குத் தொப்பை, யாருக்குக் கூன், எல்லாம் இந்தப் புத்தகத்துல இருக்கு. மறைச்சுத் தைக்கத்தானே தையல்காரன்? ஊர்ல சொல்லிட்டுத் திரிஞ்சா எவன் வந்து கையை நீட்டுவான்?"

இருபது ஆண்டுகள் நான் நிமிர்ந்து நடந்தது என் நிமிர்வு அன்று; அவர் வைத்த மடிப்பு. கண் கரித்தது. அதை மறைக்கப் புத்தகத்தில் குனிந்தேன். குனிந்த இடத்தில் எழுத்துகள் கண்ணைக் குத்தின. விழுங்கிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். விழுங்கியதன் விளைவை இரண்டு வாரமாகப் பார்த்தாயிற்றே.

"இங்கே மூணு பிழை இருக்கு. தோளுக்கு இந்த 'ள' போடணும். நீங்க போட்டிருக்கறது செருப்புத் தைக்கற தோல். இறக்கத்துக்கு வல்லின 'ற'. துணிக்குத்தான் மூணு சுழி."

அவர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து மூன்றையும் அங்கேயே திருத்தினார். பிறகு நிமிர்ந்தார்.

"மன்னிச்சுட்டேன் வாத்தியாரே. எத்தனை சுழின்னு மட்டும் கேக்காதீங்க."

முதலில் சிரித்தவர் அவர்தான். நான் சிரிக்கத் தொடங்கியபோது மார்பில் இரண்டு வாரமாக இறுகிக் கிடந்த தையல் ஒன்று பிரிந்தது.

அங்கிருந்து நேரே முடிதிருத்தகத்துக்குப் போனேன். எந்த இடத்தில் பேசினேனோ அதே இடத்தில் நின்று, நான் செய்ததையும் அவர் எழுத்துக் கற்ற விதத்தையும் சொன்னேன். "தமாஷுக்குச் சொன்னதுக்கு இவ்வளவு பெரிய சபையா?" என்று முடிதிருத்துநர் முனகினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அது கிடக்கட்டும், நம்ம பலசரக்குக் கடைக்காரர் சங்கதி கேட்டீங்களா?" என்றார். என் காது விடைத்ததை நான் மறுக்க மாட்டேன். மனத்துக்குள் 'அவர்' என்ற இடத்தில் 'நீங்கள்' என்று போட்டுப் பார்த்தேன். அந்த வாக்கியத்தை எதிரே நிறுத்திச் சொல்லும் துணிவு எனக்கு இல்லை. "அவர் வரட்டும், வச்சுக்கிட்டே பேசுவோம்" என்று கிளம்பிவிட்டேன். இப்போதும் ஒவ்வொரு முறையும் இப்படி மாற்றிப் பார்த்துத்தான் தப்பிக்கிறேன். சில நாள் தப்புவதில்லை. அன்று மாலையே மன்னிப்புக் கேட்க ஒருவர் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியிருக்கிறது.

பிப்ரவரி இருபத்தெட்டாம் நாள், வெள்ளிக்கிழமை. பலகை ஈரம் உலர்ந்து கருத்திருந்தது. தையற்காரர் 'பாவம' வரை எழுதினார். சுண்ணக்கட்டி நின்றது. அவர் திரும்பிப் பார்த்தார். மின்விசிறி அதே இடத்தில்தான் சுழன்றது. வாயிலில் இருந்த அனைவரும் காண, நான் கையை உயர்த்தி இரண்டு விரல்களைக் காட்டினேன். அன்று எனக்கு ஒரு ரக்அத்தும் தப்பவில்லை.

இதைப் படிக்கும் உங்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. கெஞ்சிக் கேட்கவில்லை, உரிமையோடு கேட்கிறேன். இக்கதையிலும் எங்கோ ஓர் ஒற்று விடுபட்டிருக்கும், எங்கோ ஒரு சுழி கூடியிருக்கும். கண்டால் அண்டை வீட்டாரிடம் சொல்லாதீர்கள். என்னிடம் வாருங்கள். என் எதிரே நின்று, என் முகத்தைப் பார்த்து, விரல் விட்டுக் காட்டுங்கள்.