காற்று இறங்கும்வரை

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் வேலைக்கு வர எல்லாருமே தயங்கினார்கள். கிரேன் ஓட்டுகிறவன் மட்டும் தானாகவே கையைத் தூக்கினான். அன்று மாலை ஆராதனைக்குப் போகாமலிருக்க அவனுக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. ஆனியில் அவனுக்கும் மனைவிக்கும் பெண் குழந்தை பிறந்தது, மூச்சில்லாமல். அன்றிலிருந்து அவன் கோயில் வாசலை மிதிக்கவில்லை. மனைவி தனியாகப் போய் வந்தாள். வீட்டில் இருவரும் கதவைத் திற, விளக்கை அணை என்ற அளவுக்கே பேசிக்கொண்டார்கள்.

காலை பத்து மணிக்கு, அறுபது மீட்டர் உயரத்தில் கிரேனின் கூண்டில் உட்கார்ந்திருந்தபோது காற்று கிளம்பியது. கட்டிக்கொண்டிருந்த கட்டடத்தின் உச்சியிலிருந்து பிய்ந்த தகரம் ஒன்று பறந்து வந்து கிரேன் தூணுக்குள் நுழைந்து, ஏணியின் குறுக்கே சொருகிக்கொண்டது. கூண்டுக்குக் கீழே எட்டடியில். இறங்க வேறு வழி கிடையாது.

“அண்ணே, தகரத்துல கை வெச்சிடாதீங்க!” வாக்கிடாக்கியில் கத்தினான், கீழே நின்று கிரேனுக்குச் சைகை காட்டும் சிக்னல்காரன். குரலுக்காகவே அவனுக்குத் ‘தொண்டை’ என்று பெயர். “தீயணைப்புக்காரங்க வந்துட்டாங்க. காத்து இறங்கினாத்தான் மேல ஏற முடியுமாம்.”

“எப்ப இறங்கும்?”

“அது மேல இருக்கிறவருக்குத்தான் தெரியும். நீங்கதான் பக்கத்துல இருக்கீங்க, ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க.”

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

எழுந்தால் தலை இடிக்கும் கூண்டு அது. காலை நீட்டினால் கண்ணாடி. பாட்டிலில் பாதித் தண்ணீர். போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. பெருங்காற்றில் கிரேன் திரும்பாமல் பிடிக்கும் பிரேக்கைத் தளர்த்திவிட வேண்டும். பிடித்து நிறுத்தினால் கிரேனின் நீண்ட கை முறிந்துவிடும். அதனால் காற்று இழுத்த பக்கமெல்லாம் கூண்டும் சுற்றியது. அவன் பார்க்க விரும்பாததையெல்லாம் அது காட்டியது. மஞ்சள் சுவர் ஆஸ்பத்திரி. அதன் இரண்டாம் மாடி ஜன்னல்கள். கண்ணை மூடினான். திறந்தபோது மறுபடியும் ஆஸ்பத்திரி.

மதியம் ஒரு மணிக்குக் கூண்டு ஒரு குலுங்கு குலுங்கியது. இருக்கையை இரு கையாலும் பற்றிக்கொண்டான். “விட்டுடு, என்னை விட்டுடு” என்று யாரிடமோ முணுமுணுத்தான். யாரிடம் என்று தெரிந்தபோது வாயை இறுக மூடிக்கொண்டான்.

இரண்டரைக்கு வாக்கிடாக்கியில் வேறொரு குரல் கேட்டது.

“என்னங்க.”

தொண்டைதான் ஆள் அனுப்பி அவன் மனைவியை வரவழைத்திருந்தான்.

“நீ ஏன் வந்தே? காத்துல நிக்காதே.”

“நீங்க நிக்கலாம், நான் நிக்கக்கூடாதா? சாப்பிட்டீங்களா?”

“டப்பா கீழ இருக்கு.”

பிறகு அவள் சொன்னாள்: “போன ஞாயித்துக்கிழமை கோயில்ல எல்லாரும் எழுந்து நன்றி சொன்னாங்க. நானும் சொன்னேன். பாப்பாவுக்காக.”

அவனுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. “எதுக்கு நன்றி? பறிச்சுக்கிட்டதுக்கா?”

“பறிச்சதுக்கு இல்லைங்க, குடுத்ததுக்கு. எட்டு மாசம் என் வயித்துல இருந்தாளே, உதைச்சாளே. நீங்க காதை வெச்சு வெச்சுக் கேட்டீங்களே. அதெல்லாம் நடக்கவே இல்லைன்னு சொல்லச் சொல்றீங்களா?”

அவன் பொத்தானை அழுத்தினான். விட்டுவிட்டான்.

“அவளைத் திரும்பப் பார்ப்போம்னு நான் நம்புறேன்” என்றாள். “உங்களால முடியலைன்னா விடுங்க. உங்களுக்கும் சேர்த்து நானே நம்பிக்கிறேன்.”

“எனக்குப் பயமா இருக்கு” என்றான் அவன். ஆறு மாதத்தில் அவளிடம் சொன்ன முதல் உண்மை.

“எனக்கும்தான். சத்திரத்துல எடமில்லாம மாட்டுக்கொட்டகையில வந்து பொறந்தவருங்க ஆண்டவரு. அந்தக் கூண்டு அவருக்குச் சின்னதா என்ன?”

அப்போது தொண்டை மூக்கை உறிஞ்சும் சத்தம் வாக்கிடாக்கி முழுக்கக் கேட்டது. “மன்னிச்சுக்கோங்க அண்ணி, நீங்க பேசுங்க.”

அவன் அழுதான். ஆஸ்பத்திரியில்கூட அழாதவன், முழங்காலில் நெற்றியை முட்டுக்கொடுத்து, குலுங்கிக் குலுங்கி அழுதான். கூண்டு சுற்றியது. மஞ்சள் சுவர் வந்தது. இந்த முறை அவன் கண்ணை மூடவில்லை. அங்கேதான் செவிலி குழந்தையைத் துணியில் சுற்றி அவன் கையில் கொடுத்தாள். தலைநிறைய முடி. ஐந்து நிமிடம் வைத்திருந்தான். அந்த ஐந்து நிமிடத்தை இத்தனை நாளும் நினைக்கவே பயந்திருந்தான்.

“ஆண்டவரே, அவளைத் தூக்கினேன்” என்றான் உரக்க. “தூக்கக் குடுத்தீங்க. நன்றி.” அதற்குமேல் ஜெபம் வரவில்லை. கோபமும் முழுசாகப் போய்விடவில்லை. ஆனால் மூச்சு அடிவயிறுவரை போய் வந்தது.

காற்று உடனே நின்றுவிடவில்லை. நாலரை ஆனது. தீயணைப்பு வீரர் இருவர் உள்ளே ஏறித் தகரத்தை வெட்டி எடுக்க இன்னும் ஒரு மணி நேரம். அவன் ஒவ்வொரு படியாக இறங்கினான். பாதி வழியில் நின்று மூச்சு வாங்கி, மறுபடி இறங்கினான். ஏழு மணி நேரமாக மடக்கியே இருந்த கால் தரையில் சரியாக ஊன்றவில்லை. அவள் தாங்கிப் பிடித்தாள். வேலையாட்கள் கைதட்டினார்கள்.

“வீட்டுக்குப் போய்ப் படுங்க” என்றாள்.

“ஆராதனை எத்தனை மணிக்கு?”

“இப்ப ஆரம்பிச்சிருப்பாங்க. இந்த அழுக்குச் சட்டையோடவா?”

“கடைசி பெஞ்சுல உட்காருவோம்” என்றான். “பாட்டெல்லாம் பாடமாட்டேன். சும்மா உட்கார்ந்திருப்பேன்.”

“அது போதும்” என்று அவன் கையைத் தன் தோள்மேல் போட்டுக்கொண்டாள். அவன் நொண்டினான். அவளும் அவன் வேகத்துக்கே நடந்தாள்.