கீலுக்கு எண்ணெய்

சலவைக் கடைக்கு அன்று காலை, அந்த வருஷத்தின் முதல் கம்பளிக் கோட்டு வந்தது. "இனிமே இது வேணாம்மா. வெளியில பாத்தீங்களா, என்ன வெயில்!" என்று கொடுத்தவர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். அந்தத் தெருவுக்கு வசந்தம் வருவது இப்படித்தான். ஒருவர் கழற்றினால் போதும், மறுநாள் கோட்டும் கையுமாக வரிசையே நிற்கும். கடையில் வேலை பார்க்கும் அவள் கோட்டுப் பைகளைத் துழாவி, ஒரு கைக்குட்டையையும் பல் உடைந்த சீப்பையும் எடுத்துக் கொடுத்துவிட்டு ரசீது எழுதினாள். தேதி போடும்போது கை நின்றது. போன வருஷம் முதல் கோட்டு வந்த ஒன்பதாம் நாள்தான் அவள் கணவன் வீட்டுக் கதவுகளையெல்லாம் கழற்றிவிட்டான்.

அவன் தச்சன். ஐந்து கதவுகளையும் ஒரே காலையில் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு, "இந்தக் காத்துக்குப் போயி யாராவது கதவு போடுவாங்களா?" என்றான். அதற்குள் மூன்று நாளாகத் தூங்கியிருக்கவில்லை. அவளோ, குளிர்காலம் முழுக்க வாயைத் திறக்காமல் கிடந்த மனுஷன் இப்படிக் கலகலவென்று இருக்கிறானே என்று பூரித்துப்போயிருந்தாள். பூரித்ததுதான் தப்பு. மறுநாள் விடிகாலையில் வெறுங்காலோடு கிளம்பிப் போனவன், ரயில் பாலத்தின் கைப்பிடிச் சுவர்மேல் ஏறி நின்றான். யாரோ பார்த்து இழுத்துப் பிடித்ததால் பிழைத்தான். கதவில்லாத வீட்டில் அவன் எழுந்து போனது அவளுக்குக் கேட்கவே இல்லை.

ஆஸ்பத்திரி, மாத்திரை எல்லாம் ஆயிற்று. கதவுகளை வேறொரு ஆள் வந்து மாட்டிவிட்டுப் போனான். படுக்கையறைக் கதவு மட்டும் தொட்டால் கிறீச்சென்று ஊரைக் கூட்டும். ஊருக்கெல்லாம் கதவு செய்கிறவன் வீட்டுக் கதவைப் பார் என்று வருகிறவர்கள் கேலி செய்தார்கள். செய்துவிட்டுப் போகட்டும். ஒரு வருஷமாக அந்தச் சத்தத்தை நம்பித்தான் அவள் கண்ணை மூடினாள். அதை அவனிடம் சொன்னதில்லை.

மதியம் அவனுடைய அக்கா போன் செய்தாள்.

"தம்பி எப்படி இருக்கான்?"

"சந்தோஷமா இருக்காரு அக்கா. காலையில விசிலடிச்சாரு."

"ஐயையோ! எப்பத்துலேருந்து?"

கேட்டுவிட்டு நாத்தனாரே சிரித்துவிட்டாள். இவளும் சிரித்தாள். போனை வைத்ததும் ரசீதுப் புத்தகத்தில் காலையில் போட்ட தேதியை மறுபடி பார்த்தாள். சவரம் செய்துகொண்டே ஒருவன் விசிலடித்தால் அது சந்தோஷமா, வியாதியா? யாரிடம் போய்க் கேட்பது?

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது ஜன்னல்கள் எல்லாம் திறந்து கிடந்தன. மேஜைமேல் ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றி, மொட்டு விட்ட குச்சி ஒன்றைச் செருகி வைத்திருந்தான். அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"மாத்திரை போட்டீங்களா?"

அவன் முகம் சுருங்கியது. "போட்டேன். சாப்பிட்டேன். மத்தியானம் ஒரு மணி நேரம் தூங்கினேன். இன்னும் என்ன கேக்கணுமோ கேளு."

அவள் செருப்பைக் கழற்றினாள்.

"நான் கொஞ்சம் நல்லா இருந்தாலே உனக்குப் பயமா இருக்குல்ல?"

"இருக்கு" என்றாள். மறைத்து என்ன ஆகப்போகிறது?

"எனக்கும்தான்" என்றான் அவன், மெதுவாக. பிறகு அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்துப் படுக்கையறை வாசலுக்கு அழைத்துப் போனான். "ஒண்ணு காட்டறேன், வா. கதவைத் தள்ளு."

தள்ளினாள்.

"பாத்தியா? கீலைக் கழட்டித் துடைச்சு எண்ணெய் விட்டேன். நான் தண்ணி குடிக்க எழுந்தாக்கூட நீ பதறி முழிச்சுக்கறே. ஒரு வருஷமா உன் தூக்கத்தைக் கெடுத்த சனியன் இது. இனிமே நிம்மதியாத் தூங்கு."

கையைத் துடைத்துக்கொண்டே அவன் டீ போடப் போனான். அடுப்படியிலிருந்து விசில் கேட்டது. அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். ஜன்னல் வழியாகக் காற்று வந்தது. கதவு தானாகத் திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. அவள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். ஒரு சத்தமும் இல்லை.