காமாலை லெட்டர்

"காமாலையா? எனக்கா? என் கண்ணு எப்பங்க மஞ்சளாச்சு, சொல்லுங்க..."

"மெதுவா பேசு, பக்கத்து வீட்டுக்குக் கேக்கப்..."

"கேக்கட்டும். அஞ்சு வாரம் படுத்துக் கெடந்தவ நான். எனக்கு என்ன வியாதின்னு எனக்கே இன்னிக்குத்தான் தெரியுது."

"உனக்காகத்தானே எழுதினேன்."

"எனக்காகன்னா என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்."

அவள் இன்னும் செருப்பைக் கூடக் கழற்றவில்லை. காலையில் வேலைக்குக் கிளம்பிப் போனவள் ஒரு மணி நேரத்தில் வீடு திரும்பியிருந்தாள். கணவர் ஆபீசுக்குப் புறப்பட்ட கோலத்தில், சட்டைப் பையில் பேனாவோடு, கதவுக்கும் அவளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார்.

தொழிற்சாலை கேண்டீனில் நானூறு பேருக்குச் சமைக்கிறவள் அவள். அங்கே எல்லோருக்கும் உப்பக்கா. எவ்வளவு பெரிய அண்டாவானாலும் ஒரு கை அள்ளிப் போட்டால் போதும், அளவு பிசகாது. அப்படிப்பட்ட உப்பக்காவை இன்று கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். காமாலை வந்தவர்கள் அடுப்படிக்குள் வரக்கூடாதாம். பத்து வருடமாக அவள் கையால் சாப்பிட்ட வாட்ச்மேன், நாலடி தள்ளி நின்று, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இதைச் சொன்னார்.

உண்மையில் எல்லாம் உப்பில்தான் ஆரம்பித்தது. ஒரு நாள் பருப்பு அண்டாவின் முன்னால் நின்றவளுக்கு உப்பு போட்டோமா இல்லையா என்று தெரியவில்லை. ருசி பார்த்தாள். நாக்கு ஒன்றும் சொல்லவில்லை. போட்டாள். மறுபடி சந்தேகம். மூன்று முறை போட்டபின், நானூறு பேரும் தன்னைக் காறித் துப்பப் போகிறார்கள் என்று அண்டாவை விட்டு விலகி நின்றாள். அடுத்த வாரம் முழுக்க அதே நினைப்பு. கேஸை மூடினோமா, அரிசியில் கல் இருந்ததா, யாருக்காவது வயிற்றைக் கெடுத்துவிட்டோமா. பிறகு நினைப்பும் நின்றுபோனது. அதுதான் மோசம். ஒரு காலில் செருப்பை மாட்டிக்கொண்டு, மற்ற காலுக்கு மாட்டத் தெம்பில்லாமல், மதியம் வரை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவர் கணவர்தான், அதைச் சொல்லியாக வேண்டும். டாக்டரம்மா அரை மணி நேரம் பேச வைத்துக் கேட்டாள். மனச்சோர்வு, கூடவே பதட்டமும் இருக்கிறது, மாத்திரையும் ஓய்வும் வேண்டும், சரியாகிவிடும் என்றாள். சர்டிபிகேட்டிலும் அந்த வார்த்தையையே எழுதிக் கொடுத்தாள்.

அந்தக் காகிதம் இவர் பைக்குள் போனது. பையை விட்டு வெளியே வரவே இல்லை.

இவருக்கு ஆபீசில் லீவு செக்‌ஷன். பதினெட்டு வருடமாக ஊரார் நோயெல்லாம் இவர் மேஜை வழியாகத்தான் போகிறது. எந்த நோய் எத்தனை நாள் தாங்கும் என்று விரல் நுனியில் வைத்திருக்கிறார். காய்ச்சல் மூன்று நாள். வயிற்றுப்போக்கு இரண்டு, அதற்குமேல் சிரிப்பார்கள். முதுகுவலியை யாரும் நம்புவதில்லை. காமாலை மட்டும் ராஜா. ஒரு மாதம் எழுதினாலும் எதிர்க்கேள்வி கிடையாது, பச்சிலை மருந்து என்றால் சர்டிபிகேட்டும் கேட்கமாட்டார்கள், ஒட்டிக்கொள்ளும் என்ற பயத்தில் பார்க்கவும் வரமாட்டார்கள். ஆகவே மனைவிக்கு ஐந்து வாரக் காமாலையை மணிமணியான கையெழுத்தில் எழுதி, அவள் தொழிற்சாலையில் கொடுத்துவிட்டு வந்தார். நோய்களை எல்லாம் அறிந்த மனிதர், பெண்டாட்டி என்ன வேலை பார்க்கிறாள் என்பதை மட்டும் அந்த ஒரு நிமிடம் மறந்துபோனார்.

"சமையக்காரிக்குப் போய் யாராவது காமாலைன்னு எழுதுவாங்களா?" என்றாள் அவள்.

அதற்கு அவர் வேறு பதில் வைத்திருந்தார். மனசு சரியில்லை என்று எழுதியிருந்தால் நாளைக்கு ஊரே பைத்தியம் என்று சொல்லாதா, பெண்ணுக்கு வரன் பார்க்கிற நேரம், தான் அவமானப்பட்டாலும் பரவாயில்லை அவள் படக்கூடாது என்றுதான், என்று வரிசையாக அடுக்கினார். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"கால் ஒடிஞ்சிருந்தா கால்னுதானே எழுதியிருப்பீங்க? இதுல மட்டும் நான் என்னங்க திருடிட்டு வந்தேன்?"

கேட்டில் நின்றபோது காய் நறுக்குகிற அக்கா ஓடிவந்து சொன்னதையும் இவரிடம் கொட்டினாள். இவருடைய லெட்டர் போன மறுநாளே தண்ணித் தொட்டியை இறைத்துக் கழுவினார்களாம். அடுப்படியில் வேலை செய்கிற முப்பத்தோரு பேரையும் வரிசையில் நிற்க வைத்து ரத்தம் எடுத்தார்களாம். பாத்திரம் தேய்க்கிறவள் ஊசியைப் பார்த்து மயங்கி விழுந்தாளாம். ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. எல்லாம் சொல்லி முடித்தபின் அந்த அக்கா அவள் காதோரம் வந்து, உனக்குக் காமாலை இல்லைதானே, என்று கேட்டிருக்கிறாள். இல்லை, மனசுக்குத்தான் மாத்திரை என்றதும், "நானும் அந்த மாத்திரைதாண்டி சாப்பிடுறேன், நாலு வருஷமா. வயித்துவலின்னு எழுதிக் குடுப்பேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாளாம்.

"நாலு வருஷம். ஒரே பலகைல எதிரெதிர நின்னு காய் நறுக்கியிருக்கோம்ங்க" என்றாள். கோபம் அங்கே கொஞ்சம் உடைந்தது. பிறகு அவர் பையை எடுத்துத் தானே துழாவி, நான்காக மடித்த சர்டிபிகேட்டை வெளியே எடுத்தாள். அண்டாவும் கரண்டியும்தான் தன்னை இனி நிமிர்த்தி வைக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. டாக்டரம்மாவும் போன வாரம் அதைத்தான் சொன்னாள். வேலைக்குப் போக வேண்டும், ஆனால் இந்தக் காகிதத்தோடு.

கேண்டீன் மேனேஜர் நல்ல மனிதர் என்று பெயர். கணவரையும் அவளையும் கேட்டிலிருந்து உள்ளே வரவழைத்து உட்காரச் சொன்னார், சர்டிபிகேட்டை இரண்டு தடவை படித்தார். படித்த பிறகு நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிக்கொண்டார். வாட்ச்மேன் நின்ற அதே நாலடி.

கத்தி, கொதிக்கிற எண்ணெய், கேஸ், இதற்கெல்லாம் நடுவில் எப்படியம்மா, என்று இழுத்தார். தனக்கு அவள்மேல் மரியாதைதான், ஆனால் மேலே கேட்பார்கள். பிறகு அவருக்கே ஒரு வழி தோன்றியது. காமாலை என்றே இருக்கட்டும். ஒரு ரத்தப் பரிசோதனை, குணமாகிவிட்டது என்று ஒரு காகிதம். திங்கட்கிழமை வந்து கரண்டியைப் பிடித்துக்கொள்ளலாம். இந்தச் சர்டிபிகேட்டை நான் பார்க்கவே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

கணவர் அவளைப் பார்த்தார். சொன்னேனே என்ற பார்வை. கூடவே, தயவுசெய்து என்றும் இருந்தது அதில். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து அவரே நீட்டினார்.

மேனேஜர் தள்ளிய பாரத்தில் 'நோயின் பெயர்' என்ற இடத்தில் காமாலை என்று ஏற்கெனவே எழுதியிருந்தது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி. ஜன்னல் வழியாக அடுப்படி தெரிந்தது. காய் பலகைக்கு எதிரே அவள் இடம் காலியாக இருந்தது. அந்த அக்கா தலை நிமிராமல் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

அவள் பேனாவை வாங்கினாள். காமாலையை ஒரே கோடாக அடித்து, அதற்குமேல் டாக்டரம்மா எழுதிய வார்த்தையை எழுத்துக் கூட்டி எழுதி, கையெழுத்துப் போட்டு, பாரத்தை மேனேஜர் பக்கம் திருப்பி வைத்தாள்.

"முப்பத்தோரு பேருக்கு ஊசி குத்தி ரத்தம் எடுத்தீங்களே சார், அதுல ஒருத்தரையாவது உக்கார வெச்சு, நல்லா தூங்குறியாம்மான்னு கேட்டீங்களா?"