சிவப்புப் புள்ளி வைத்த அட்டை

1

இந்தக் கதை எனக்கு ஒரு நெயில் பாலிஷ் பாட்டிலிலிருந்து கிடைத்தது.

கண்ணாடிக்குக் கீழே வைத்திருந்த பாட்டில் காணாமல் போய், வீடெல்லாம் தேடி, கடைசியில் என் கணவரின் கருவிப்பையில் ஸ்க்ரூடிரைவர்களுக்கு நடுவே கண்டெடுத்தேன். கல்யாணமான எந்தப் பெண்ணும் அப்போது என்ன நினைப்பாளோ அதைத்தான் நானும் நினைத்தேன். அது உண்மையாக இருந்திருந்தால் எழுதுவது சுலபமாக இருந்திருக்கும்.

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: "அன்று காலையிலிருந்தே மழை விடாமல்..."

மழையே இல்லை. வெயில் அடிக்காவிட்டால் இந்தக் கதையே நடந்திருக்காது. வரியைக் கைவிட்டேன், ஆனால் நீங்கள் பார்க்கட்டும் என்று அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

2

கணவர் தொலைபேசி நிறுவனத்தில் டெக்னீசியன். கதைக்குள் அவரை 'அவன்' என்கிறேன். வீட்டில் அப்படிச் சொல்ல முடியாது, இங்கேயாவது சொல்லிக்கொள்கிறேன்.

ஊருக்கு ஊர் டவரடியில் ஒரு சின்ன அறை இருக்கும். உள்ளே இரும்பு அலமாரி, அதில் புத்தகங்கள்போல வரிசையாகச் செருகிய மின்னணு அட்டைகள். ஓர் அட்டை கெட்டால் தலைமை அலுவலகத் திரையில் சிவப்பாக அலாரம் எரியும். அவனுக்கு போன் வரும். போய் அட்டையை உருவி, மறுபடி செருகுவான். பல நாள் அதிலேயே சிவப்பு அணைந்துவிடும். ஏன் அணைந்தது என்று யாரும் கேட்பதில்லை. அணையாவிட்டால் கெட்டதை நிறுவனத்தின் ஸ்டோரில் கொடுத்து வேறு வாங்க வேண்டும்.

[இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.] ஸ்டோரில் ஏசி ஓடும். கெட்ட அட்டையை அங்கே மேஜையில் வைத்துச் சோதித்தால் சமர்த்தாக வேலை செய்யும். சூடேறினால்தான் மக்கர் பண்ணும். சோதனையில் தேறியதை உறையில் போட்டு, நல்ல அட்டைகளோடு வைத்துவிடுவார்கள். நடைமுறை அதுதான். அதே அட்டை அடுத்த ஊருக்குக் கிளம்பும்.

அவனுக்கு இது உறைத்தது. தான் உருவிய ஓர் அட்டையின் ஓரத்தில், திரும்பி வந்தால் தெரியட்டும் என்று என் நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைத்தான். யாரிடமும் சொல்லவில்லை. பாட்டிலோடு பிடிபட்டதால் என்னிடம் மட்டும் சொன்னான்.

எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் எழுதிவைக்கிறேன்.

3

திரும்பி வந்தது.

வேறு ஊர், வேறு அறை. உறையைப் பிரித்தால் ஓரத்தில் என் சிவப்பு. அந்த நேரம் பார்த்து மேலதிகாரி போனில் வந்தார்.

"போட்டாச்சா?"

"சார், இந்த அட்டை..."

"அட்டைக்கு என்ன? அலாரம் இன்னும் என் ஸ்கிரீன்ல நிக்குது. சாயங்காலம் மீட்டிங்ல என் தலையத்தான் உருட்டுவாங்க. போட்டியா, இல்லையா?"

"போட்டுட்டேன் சார்."

சொல்லிவிட்டுத்தான் போட்டான். சிவப்பு அணைந்தது. வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிட்டான்.

அடுத்த வாரம் வெயில் ஏறியதும் அட்டை செத்தது. ஒரு மதியம் முழுக்க அந்த ஊரில் யாரும் யாரையும் கூப்பிட முடியவில்லை.

(முந்தைய பிரதியில் அந்த மதியம் ஒரு கிழவரை மாடிப்படியில் விழ வைத்து, ஆம்புலன்ஸ் கிடைக்காமல் சாகடித்திருந்தேன். கணவர் படித்துவிட்டு, "யாரும் சாகலையே" என்றார். சரிதான், யாரும் சாகவில்லை. கிழவரை எழுப்பி அனுப்பிவிட்டேன். ஒரு சாவு இருந்திருந்தால் கணவர் உண்மையைச் சொல்லியிருப்பாரோ என்று மட்டும் தோன்றியது.)

4

பழி ஸ்டோர்காரர் மேல் விழுந்தது. சோதிக்காமலே கெட்ட அட்டையைக் கொடுத்தார் என்று அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நாளை விசாரணை. குற்றம் உறுதியானால் வேலை போய்விடும்.

அவருக்குப் பட்டப்பெயர் 'பூட்டு'. பழைய அட்டை கைக்கு வராமல் புதியதைக் கண்ணில் காட்ட மாட்டார். உங்கள் இரக்கத்துக்காக அவருக்கு ஒரு நோயாளி மனைவியை எழுதியிருந்தேன். அப்படி யாரும் இல்லை. சிடுமூஞ்சி மனிதர், என் வீட்டில் உட்கார்ந்தே என் டீயைக் குறை சொன்னவர். எனக்கும் அவரைப் பிடிக்காது. ஆனால் அவர் சோதித்தார். சோதித்துத்தான் கொடுத்தார்.

இதுவரை எழுதியதைக் கணவரிடம் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தார்.

"எல்லாம் சரி. அந்தப் புள்ளிய மட்டும் எடுத்துடு."

"எடுத்தா கதையே இல்லைங்க."

"கதை இல்லாட்டி என்ன? குடி முழுகிடுமா?"

"பூட்டு சாரைப் பத்தி நாளைக்கு என்ன சொல்லப் போறீங்க?"

"நல்ல அட்டைன்னு நம்பிப் போட்டேன்னு ஏற்கெனவே சொல்லியாச்சு. மாத்திச் சொன்னா, தெரிஞ்சே போட்டியான்னு என்னையில்ல பிடிப்பாங்க?"

"தெரிஞ்சேதானே போட்டீங்க."

அவர் கோபப்படவில்லை. "அந்த ஆளுக்காகவா இவ்வளவு பேசறே?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் எனக்குக் கசந்தது. இத்தனை வருஷம் கூட இருந்தவரை அந்த ஒரு நிமிடம் எனக்குப் பிடிக்கவில்லை.

5

முடிவு ஒன்று: அவன் விசாரணையில் எழுந்து, "அந்தப் புள்ளி நான் வெச்சது" என்கிறான். எழுதிப் பார்த்தேன். நானே நம்பவில்லை.

முடிவு இரண்டு: அவன் வாய் திறக்கவில்லை, பூட்டு தன் சாவிக்கொத்தைக் கழற்றி மேஜைமேல்... போதும், விட்டுவிட்டேன்.

இன்று காலை அவர் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு விசாரணைக்குக் கிளம்பினார். "கதைய முடிச்சிட்டியா?" என்று கேட்டார்.

"நீங்க போயிட்டு வாங்க. அப்புறம்தான் முடியும்."

அவர் போனபின் முகம் கழுவிக் கண்ணாடி முன் நின்றேன். பாட்டில் அங்கே இல்லை. இந்த முறை நான் அதிகம் தேடவில்லை. குப்பைக்கூடையில், பழைய துணியில் சுற்றிக் கிடந்தது. அவர் அங்கே என்ன சொல்லப் போகிறார் என்பதை என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார்.

எடுத்துத் துடைத்து, பத்து விரலிலும் பூசிக்கொண்டேன். அந்த அட்டை இப்போது விசாரணை மேஜையில் இருக்கிறது. அதன் ஓரத்தில் இருக்கும் சிவப்பு என்ன என்று அங்கே ஒருவருக்குத் தவிர யாருக்கும் தெரியாது. அந்த அலுவலகத்தின் எண் என்னிடம் இருக்கிறது. எங்கள் வீட்டில் சிக்னல் எப்போதுமே நன்றாக இருக்கும்.

நகம் காய்ந்துவிட்டது. இந்தக் கையால் போனை எடுக்கலாம், அல்லது அவர் வந்து தட்டும்போது கதவைத் திறக்கலாம். நீங்கள் என்றால் எதை எழுதுவீர்கள்? அவர் வருவதற்குள் சொல்லுங்கள்.